எர்த் சரியில்லை: இரைச்சலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஏப்ரல் 14க்கு முந்தின நாள் காலை. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தை அறிவிப்பதற்காக விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒரு பழைய ஆம்னி வேனில் போய்க் கொண்டிருந்தோம். வேன் நண்பருடையது, வாடகைக்கு ஓட்டுகிறார். முன்னால் ஒரு கார் ஸ்டீரியோ, பின் ஸீட்டுக்கு அடியில் தனியாக வாங்கிப் பொருத்திய ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து ஸ்பீக்கர்கள். பென் டிரைவில் பறையடி, பாட்டு, நடுநடுவே ஒரு தோழரின் அறிவிப்பு. வண்டி நின்றிருந்தபோது எல்லாம் சுத்தமாகத்தான் கேட்டது. இஞ்சினைக் கிளப்பியதும் பாட்டுக்குள் 'ங்ஙொய்ய்' என்று ஒரு சத்தம் புகுந்துகொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஸ்வரம் ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. ஓர் ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "என்னா தம்பி, பாட்டுக்குள்ள கொசு பூந்துகிச்சா?"

மதியம் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஒரு கார் எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். சத்தத்தை அடக்குகிற ஃபில்டர் ஒன்று கடையில் விற்கிறதாமே, வாங்கிப் போட்டுவிடலாமா அண்ணே என்று நண்பர் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே இங்கு எழுதிவிடுகிறேன்: "போடலாம் தம்பி. அடங்கிடும். ஆனா எங்கேருந்து வருதுன்னு தெரியாமயே போயிடும்."

இந்தக் கட்டுரை இந்த ஒரு வாக்கியத்துக்கான விரிவுரைதான். இரைச்சல் என்று எதைச் சொல்கிறோம், யார் அப்படிச் சொல்கிறார்கள், அதை அடக்குவதற்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்பவை ஒரு ஒர்க்ஷாப்பின் கேள்விகள். நம் அரசியலின் கேள்விகளும் இவையேதான். ஒர்க்ஷாப்பிலிருந்து கோட்பாடு கற்க முடியுமா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வட்டாரத்து எழுத்தையே பார்க்கலாம். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையை, ஸ்பேனரும் கிரீஸுமாக, நாவலுக்குள் கொண்டுவந்தவர் (நெடுஞ்சாலை) விருத்தாசலத்துக்காரரான கண்மணி குணசேகரன்தான்.

2

அவர் எதையும் உடனே கழற்றவில்லை. முதலில் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

இஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி ஸ்டீரியோவைப் போடச் சொன்னார். சத்தம் இல்லை. ஆக, குற்றவாளி ஸ்டீரியோவுக்குள் இல்லை. இஞ்சினைப் போடச் சொன்னார். வந்தது. ரேஸ் பண்ணச் சொன்னார். ஏறியது. 'டக் டக்' என்று தனித்தனியாகத் தெறித்தால் அது பிளக்கின் பொறி. விசில் போல இழுத்தால் அது ஆல்டர்னேட்டர். நம்முடையது விசில். அடுத்து வால்யூமைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார். வால்யூம் முழுக்க இறங்கிய பிறகும் விசில் அதே அளவில் இருந்தது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கியிருந்தால் இரைச்சல் அந்தத் திருகுக்கு முன்பே கலந்திருக்கும். அப்படி இல்லை என்பதால் திருகுக்குப் பின்னால், ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் எங்கோ புகுகிறது. பிறகு அந்த இரண்டுக்கும் இடையிலான சிக்னல் வயரை ஆம்ப்ளிஃபயர் முனையில் பிடுங்கினார். விசில் நின்றது. அந்த வயர் வழியாகத்தான் வருகிறது என்பது உறுதியானது.

நான்கு சோதனை, பத்து நிமிடம். ஒவ்வொரு சோதனையும் ஒரு சாத்தியத்தை வெட்டி இன்னொன்றை மிச்சம் வைத்தது. நாம் 'விமர்சனம்' என்று சொல்லிக்கொண்டு செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதலில் குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு பிரதியைக் கழற்றத் தொடங்குகிறோம்.

அந்த விசில் என்னவென்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்டர்னேட்டரில் மூன்று சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. ஆறு டயோடுகள் அதை ஒருதிசை ஆக்குகின்றன. ஆனால் அது பாட்டரி மின்சாரம் போல் சமதளமாக வருவதில்லை. ஒவ்வொரு முழு அலைக்கும் ஆறு சிறு மேடுகள் அதன் தலையில் மிஞ்சுகின்றன. பொதுவாகக் கார் ஆல்டர்னேட்டரின் சுழலியில் 12 துருவங்கள், அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு அலை. ஆறை ஆறால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 36 மேடு. இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது, பெல்ட்டின் விகிதத்தால் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 2000 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 33 சுற்று, மேடுகள் 1200. மனிதக் காதுக்கு நன்றாகப் பிடிபடும் ஒரு ஸ்வரம் அது. வேகம் மும்மடங்கானால் 3600. காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் அது நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆக, பாட்டுக்குள் புகுந்த கொசு வெளியிலிருந்து வந்ததல்ல. பாட்டைப் பாட வைக்கிற அதே மின்சாரத்தை உண்டாக்கும் உழைப்பின் சத்தம் அது. மேடையில் கச்சேரி நடக்கும்போது உள்ளே சமையல்கட்டின் சத்தம் கேட்பது போல.

3

இரைச்சல் இயற்கையில் இருப்பதல்ல, வரலாற்றில் ஆக்கப்படுவது என்று சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றலாம். பொறியின் கதை அப்படித் தோன்றவிடாது.

1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பொறி பறக்கவிட்டார். அறையின் இன்னொரு மூலையில் வெறும் கம்பி வளையம் ஒன்றின் இடைவெளியில் மின்னுக்குட்டி போல் ஒரு பொறி தெரிந்தது. மின்காந்த அலை இருக்கிறது என்பதற்கான சாட்சி அது. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாமல் அலையை அனுப்பித் தொலைவிலிருந்த மணியை அடித்துக் காட்டினார். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பிய சமிக்ஞையும் பொறிதான். 1912இல் மூழ்கிக் கொண்டிருந்த டைட்டானிக் கப்பல் உதவி கேட்டுக் கதறியதும் பொறியால்தான். ஜெர்மன் மொழியில் வானொலிக்கு இன்றும் பெயர் 'ஃபுங்க்': பொறி. கப்பலில் ரேடியோ இயக்குபவருக்கு நாவிகர்கள் வைத்த செல்லப்பெயரும் பொறி என்பதுதான். அந்த நாளில் பொறியே செய்தி.

பிறகு வெற்றிடக் குழாய் வந்தது. ஒரே அதிர்வெண்ணில் சீராக ஒலிக்கும் தொடரலை வந்தது. அதன்மேல் குரலையும் பாட்டையும் ஏற்ற முடிந்தது. பொறிக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரு அலைவரிசையில் நிற்காது, எல்லா வரிசையிலும் பரவும். தொடரலைக்காரர்களுக்கு இது அத்துமீறல் ஆனது. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு பொறி அலைபரப்பிகளைப் படிப்படியாக விலக்க விதி செய்தது. நேற்று வரை செய்தியாக இருந்தது இன்று இரைச்சல். பொறி மாறவில்லை. வானத்தின் பட்டாதான் மாறியது.

இதற்கிடையில் இன்னொரு பொறி உலகமெங்கும் சாலையில் ஓடத் தொடங்கியிருந்தது. 1902இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். ஒவ்வொரு பெட்ரோல் காரும் ஒரு சிறு பொறி அலைபரப்பி ஆனது. நான்கு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் 3000 பொறி, நொடிக்கு ஐம்பது; ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் வோல்ட். ஹெர்ட்ஸின் ஆய்வுக்கூடம் பானெட்டுக்கு அடியில் குடியேறிவிட்டது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி காருக்கென ஒரு ரேடியோவை விற்கத் தொடங்கி அதற்கு 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தபோது, பெட்டியைச் செய்வதைவிடப் பெரிய வேலையாக இருந்தது காரையே வாயடைப்பதுதான். பிளக் வயரில் தடையைச் செருகினார்கள். டைனமோவின் முனையில் மின்தேக்கியைக் கட்டினார்கள். 1934இல் வானொலிக் குறுக்கீட்டை அளக்கவும் கட்டுப்படுத்தவும் 'சிஸ்பர்' என்கிற சர்வதேசக் குழுவே அமைக்கப்பட்டது. நம் ஊரிலும் வானொலி தொடங்கிய காலம் அதுதான்: 1924இல் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப், 1930இல் மாநகராட்சியின் ஒலிபரப்பு, 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம்.

இன்னொரு கதையையும் இங்கே சேர்த்துக் கொள்ள வேண்டும். கடல் கடந்த ரேடியோ தொலைபேசியில் கேட்ட கரகரப்பின் மூலத்தைத் தேடும் வேலையை பெல் ஆய்வுக்கூடம் கார்ல் ஜான்ஸ்கியிடம் கொடுத்திருந்தது. இடி, மின்னல் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அதை வடிகட்டித் தள்ளியிருக்கலாம். அவர் அது வரும் திசையை மாதக்கணக்கில் குறித்துக்கொண்டே போனார். பால்வீதியின் மையப் பக்கமிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். ரேடியோ வானியல் என்கிற துறையே அந்தச் சீறலில்தான் பிறந்தது. 'எங்கேருந்து வருதுன்னு தெரியாமயே போயிடும்' என்று ஜங்ஷன் ரோட்டில் கேட்ட வாக்கியத்துக்கு விஞ்ஞான வரலாறு தரும் சாட்சி இது.

4

நம் ஆம்னிக்குத் திரும்புவோம். சிக்னல் வயர் வழியாக வருகிறது என்று தெரிந்தது. ஆனால் வயரில் பழுதில்லை. எலெக்ட்ரீஷியன் பின் ஸீட்டைத் தூக்கினார். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயர் ஸீட் போல்ட் ஒன்றுக்கு அடியில், பெயிண்டுக்கு மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. "எர்த் சரியில்லை" என்றார்.

எர்த் என்பது என்ன? காரில் ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் போக ஒரு வயர் உண்டு, திரும்பி வர வயர் கிடையாது. வண்டியின் தகர உடம்பே திரும்பும் பாதை. இது செம்பை மிச்சம் பிடிக்கும் வழி. 1838இல் ஜெர்மானியர் ஸ்டைன்ஹைல், தந்திக்கு ஒரு கம்பி போதும், மற்றொன்றுக்குப் பதில் பூமியே போதும் என்று கண்டுபிடித்ததன் வாரிசு. பூமி இலவசம், யாரிடமும் கூலி கேட்காது என்று நினைத்தார்கள். ஆரம்பகாலத் தொலைபேசிகளும் பூமியைத் திரும்பு பாதையாகப் பயன்படுத்தின. பிறகு மின்சார ட்ராம் வந்தது (சென்னையில் 1895இல்). ட்ராமும் தன் மின்சாரத்தைத் தண்டவாளம் வழியாக மண்ணுக்குள் இறக்கியது. மேலை நகரங்களின் தொலைபேசிகளில் உறுமல் கேட்கத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பெனிகள் வழக்குப் போட்டன: மண்ணுக்கு நாங்கள்தான் முதலில் வந்தோம். 1890களில் அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் சொன்ன பதில், மண்ணின்மேல் உங்களுக்குத் தனியுரிமை கிடையாது, இரைச்சல் வேண்டாமென்றால் இரண்டாவது கம்பியை நீங்களே இழுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இரைச்சல் பற்றிய தகராறு மின்யுகத்தின் தொடக்கத்திலேயே நிலம் பற்றிய தகராறாக இருந்திருக்கிறது.

காருக்குள்ளும் அதேதான். தகர உடம்பு முழுவதும் ஒரே மட்டம், எல்லாப் புள்ளியும் பூஜ்யம் என்று வரைபடம் சொல்லும். நடைமுறையில் அப்படி இல்லை. பத்து ஆம்பியர் மின்சாரம், நூறில் ஒரு ஓம் தடையுள்ள ஒரு துருப்பிடித்த இணைப்பைக் கடந்தால் பத்தில் ஒரு வோல்ட் வித்தியாசம் வந்துவிடுகிறது. டாஷ்போர்டில் எர்த் எடுத்த ஸ்டீரியோவும் பின் ஸீட்டில் எர்த் எடுத்த ஆம்ப்ளிஃபயரும் ஆளுக்கொரு மட்டத்தில் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் சிக்னல் வயரின் மேலுறை வழியாக இந்த வித்தியாசம் ஓடத் தொடங்குகிறது. ஆல்டர்னேட்டரின் மேடு பள்ளம் அதில் ஏறிக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு எது பாட்டு எது வித்தியாசம் என்று தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பெருக்கிக் கொடுக்கிறது.

வேறு வார்த்தையில் சொன்னால், 'நாம் எல்லோரும் ஒரே மண்ணில் நிற்கிறோம்' என்று கணக்கில் எழுதிவிட்டு, உண்மையில் மட்டங்கள் வேறாக இருக்கும்போது பிறப்பதே இந்த இரைச்சல். சமத்துவம் ஏட்டிலும் ஏற்றத்தாழ்வு தகரத்திலும் இருக்கிறது. இதற்குமேல் உவமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் 'எர்த்' என்பதும் இயற்கையின் விதி அல்ல. பிரிட்டிஷ் கார்களில் 1960களின் பிற்பகுதி வரை பாட்டரியின் பாஸிட்டிவ் முனையைத்தான் பெரும்பாலும் உடம்போடு கட்டினார்கள். அப்புறம் நெகட்டிவ் எர்த் பொது வழக்கமாயிற்று. பழைய வண்டியில் புது டிரான்ஸிஸ்டர் ரேடியோவை யோசிக்காமல் இணைத்தவர்கள் அதைக் கருக்கிக்கொண்டார்கள். பூஜ்யம் என்பது ஒரு தீர்மானம். எல்லாம் அதிலிருந்தே அளக்கப்படுவதால் அதை மட்டும் யாரும் அளப்பதில்லை.

எலெக்ட்ரீஷியன் உப்புத்தாளை எடுத்து அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினார். வெள்ளைத் தகரம் தெரிந்தது. "மேல மேல பெயிண்ட் அடிச்சா வண்டி பளபளன்னு இருக்கும் தம்பி. எர்த் மட்டும் கெடைக்காது." தடித்த, குட்டையான வயரால் முறுக்கிக் கட்டினார். முன்பக்கம் ஸ்டீரியோவின் எர்த்தையும் எடுத்துவந்து அதே புள்ளியில் சேர்த்தார். பாட்டரி முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்தார். பவர் வயர் இடது ஓரமாகவும் சிக்னல் வயர் வலது ஓரமாகவும் போகும்படி பிரித்தார். இஞ்சினைப் போட்டு ரேஸ் பண்ணினோம். பறை மட்டும் கேட்டது.

எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கட்டுவதா, இது மையவாதம் ஆயிற்றே என்று நம்மில் சிலர் துள்ளக்கூடும். அந்தப் புள்ளி யாருக்கும் ஆணையிடுவதில்லை, அது எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் என்பது ஒன்று. மற்றொன்றும் உண்டு. ஒற்றைப் புள்ளி எர்த் கேட்பொலியின் தாழ்ந்த அதிர்வெண்களுக்குத்தான் பொருந்தும். ரேடியோ அலையின் உயர் அதிர்வெண்ணில் நீளமான எர்த் வயரே தடையாகவும் ஆண்டெனாவாகவும் மாறிவிடும். அங்கே பல புள்ளிகளில், கிட்டக் கிட்ட, எர்த் கொடுக்க வேண்டும். எந்த இரைச்சல் என்று கேட்காமல் மருந்து சொல்ல முடியாது. மையமா பன்மையா என்கிற நம்முடைய முப்பது வருஷச் சண்டையில் இந்தக் கேள்வி எத்தனை முறை கேட்கப்பட்டது?

5

தொல்காப்பியத்தின் உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்கிற நான்கு சொற்களுக்கும் அரவம் என்று பொருள் சொல்கிறது. அதில் அழுங்கல் என்ற சொல்லுக்கு இரக்கமும் கேடும்கூடப் பொருள் என்று சேர்த்துச் சொல்கிறது. இரைச்சலைக் குறிக்கும் ஒரு சொல்லுக்குள்ளேயே அழிவும் துயரமும் அடங்கியிருக்கின்றன. அரவம் கேட்டால் அங்கே யாருக்கோ என்னவோ நேர்ந்திருக்கிறது என்பது அந்தச் சொல்லின் அறிவு.

பறை என்றால் சொல். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாட வினை. ஆனால் அந்தச் 'சொல்' எப்போது சத்தமாக ஆக்கப்பட்டது? சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்டபோது அது ஊருக்கு இரைச்சலாக இல்லை, சேவகமாக இருந்தது. இனி அடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தபோது அந்த மௌனம்தான் ஊருக்குப் பேரிரைச்சலாகக் கேட்டது. 1990களில் தலித் கலை விழாக்களின் மேடையில் அதையே விடுதலையின் கருவியாக எடுத்தபோது, பறையைக் கைவிடுவதா கைக்கொள்வதா என்ற விவாதம் இயக்கங்களுக்குள் கடுமையாக நடந்தது. தோலும் குச்சியும் அடியும் ஒன்றுதான். யார், யாருக்காக, யார் தெருவில் அடிக்கிறார்கள் என்பது மாறும்போது சேவகம் இரைச்சலாகிறது, இரைச்சல் இசையாகிறது. பொறிக்கு நடந்தது போலவே.

இங்கிருந்து ஒரு சுலபமான வழி இருக்கிறது. ழாக் அத்தாலி 1977இல் இரைச்சலை அரசியல் பொருளாதாரமாக வாசித்தார். நாளைய சமூக ஒழுங்கு இன்றைய இரைச்சலில் முன்கூட்டியே கேட்கிறது என்பது அவர் வாதம். மிஷெல் செர் 1980இல் 'பாரசீத்' என்கிற ஒரே பிரெஞ்சுச் சொல் ஒட்டுண்ணியையும் ஓசி விருந்தாளியையும் ரேடியோ இரைச்சலையும் குறிப்பதை வைத்து ஒரு தத்துவமே கட்டினார். (தமிழில் இரைதலும் இரையும் ஒரே வடிவில் இருப்பதைப் பார்த்து நான்கூட மகிழ்ந்துபோனேன். அது தற்செயலாக இருக்கலாம். சொற்பிறப்பியல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.) இவற்றைப் படித்த சூட்டில் இரைச்சல் என்றாலே கலகம், ஒழுங்கின்மை என்றாலே விடுதலை என்று நம் சிறுபத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. இதை ஏற்க முடியாது. ஆதிக்க சாதியின் திருவிழா ஊர்வலம் சேரிக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் ஆளுயர பாக்ஸுகளின் வால்யூம் ஏறுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இரைச்சல் அதிகாரத்தின் ஆயுதமாகவும் இருக்கும் என்று.

நீதிமன்றத்துக்குப் போனாலும் இந்தச் சிக்கல் தீர்வதில்லை. சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் பக்கத்திலிருந்த கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி, ட்ரம்ஸ், கிடார் சத்தத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்பளித்தது. கொள்கை சரிதான். ஆனால் அந்த வழக்கிலேயே, சாலையில் ஓடிய வாகனங்களின் சத்தமும் அங்கிருந்த இரைச்சலில் பங்கு வகித்தது என்கிற ஆய்வு முடிவு பேசப்பட்டது. சபைக்கு முகவரி உண்டு, வழக்குப் போடலாம். சாலையின் மீது யார் வழக்குப் போடுவது? இடைவிடாமல் கேட்கும் சத்தம் 'சூழல்' ஆகிவிடுகிறது. விட்டுவிட்டுக் கேட்பது 'இரைச்சல்' ஆகிவிடுகிறது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் டெசிபல் கணக்கை நமக்குத் தந்தன. அளவு தேவைதான், அதை நான் கேலி செய்யவில்லை. அளவு மட்டுமே எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடாது.

6

கடைசியாக, பீங்கான்.

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண், அரசின் பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் பாலிடெக்னிக், சிறுசிறு கூடங்களில் சூளை வைத்து வார்க்கும் பொம்மைகள், மீட்டர் பலகைக்கு ஃப்யூஸ் கட்டைகள். காருக்குள் இரைச்சலை அடக்கும் பொருட்களையும் பாருங்கள். பொறியை எர்த்திலிருந்து பிரித்து நிறுத்தும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து அலுமினாப் பீங்கான். இரைச்சலைக் குடிக்கும் சிறு மின்தேக்கி பல சமயம் பீங்கான். வயரில் மாட்டும் கறுப்பு வளையம் ஃபெரைட். 1930இல் டோக்கியோவில் கட்டோவும் தாக்கேயியும் கண்டுபிடித்த காந்தப் பீங்கான் வகை. விருத்தாசலத்தில் இவை செய்யப்படுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே செய்யும் ஃப்யூஸ் கட்டையும் அங்கே செய்யும் பிளக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்கிறேன். கடக்கக்கூடாததைக் கடக்கவிடாமல் மௌனமாக நிற்கிற வேலை.

அந்த மௌனம் எப்படிச் செய்யப்படுகிறது? மின் பீங்கானின் மூன்று கூறுகள் களிமண், ஃபெல்ஸ்பார், படிகக்கல். படிகக்கல்லை மாவாக அரைக்கும்போதும் காய்ந்த வார்ப்பைச் சீவும்போதும் பறக்கும் தூசு நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். உலகெங்கும் பீங்கான் தொழிலின் பழைய நோய் அது; ஆறாது. மூச்சு வாங்கும். தமிழில் அதற்கு இரைப்பு என்று பெயர். இரைச்சல், இரைப்பு இரண்டும் 'இரை' என்கிற ஒரே வினையிலிருந்து பிறந்தவை. வீட்டின் மீட்டர் பலகை சத்தமில்லாமல் இருக்கிறது; எங்கோ ஒரு நெஞ்சு இரைக்கிறது. இரைச்சல் அழிவதில்லை, இடம் மாறுகிறது என்று சந்தேகப்பட எனக்கு இதுவே போதும்.

இப்போது மின்சாரக் கார் வருகிறது. அதில் பிளக் இல்லை, பொறி இல்லை. ஆனால் பாட்டரியின் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குத் தரும் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் இரைச்சல் மத்திய அலை வானொலியைக் குதறுகிறது. சில கார் கம்பெனிகள் இதற்குக் கண்ட தீர்வு, காரிலிருந்து மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிடுவது. இரைச்சலைப் போக்கச் செலவாகும். கேட்கும் கருவியை எடுத்துவிட்டால் செலவு மிச்சம். சாலையோரத்துக் கிராமங்களுக்குப் பயிரும் மழையும் பற்றிப் பேசிவந்த அலைவரிசை அது என்பது அந்தக் கணக்கில் வராது.

புகார் வரும்போதெல்லாம் நம்முன் இருப்பவை இந்த மூன்று வழிகள்தான்: ஃபில்டர் போடுவது, கேட்கும் காதை எடுத்துவிடுவது, பெயிண்டைச் சுரண்டி எர்த்தைச் சரி பார்ப்பது. அரசும் நிறுவனங்களும் முதல் இரண்டில் கைதேர்ந்தவை. நம் இயக்கங்களுக்கு உள்ளேயும், பெண்களோ அருந்ததியரோ கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும்போது 'இப்போது இந்தச் சத்தம் வேண்டாம்' என்று அடக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நாமும் ஃபில்டர்தான் போட்டுக் கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் வேன் மறுபடி கிளம்பியது. விசில் இல்லை. பாட்டு முடிந்து நண்பர் ரேடியோவுக்கு மாற்றி மத்திய அலையில் வைத்தபோது மட்டும் குரலுக்குப் பின்னால் மெல்ல 'டக் டக் டக்' என்று கேட்டது. திரும்பிப் போய் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னோம். முன் ஸீட்டைத் தூக்கி இஞ்சினுக்குக் காது கொடுத்தார். ஒரு பிளக் வயரின் மேலுறையில் வெடிப்பு இருந்தது. "இது வேற சத்தம். வேற எடத்துலேருந்து வருது" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.